ஐந்தொகை

மின்தூக்கி திறந்ததும் அந்தப் படம்தான் எதிர்ப்படும்.
ஐந்து பேர், ஐந்து நிறம், ஒரே சிரிப்பு.
'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு' என்று கீழே எழுத்து.
மினியாபொலிஸில் ஏப்ரல்; வரிக்கெடு முடிந்த மறுநாள்.
பங்குதாரர் லிண்ட்க்விஸ்ட் கூப்பிட்டார்:
"புதுப் படம் எடுக்கிறோம், பாஹுவா.
இந்த முறையும் நீ நடுவில் நில்."

நான் தணிக்கைக்காரி.
எண்ணிப் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்திட்டுப் பழக்கமில்லை.
உறைபனிக்கும் இருபது பாகை கீழே
கோதுமைக் கிடங்கின் உச்சியில் ஏறி
கயிறு விட்டு ஆழம் பார்த்தவள்.
பழைய படத்தையும் எண்ணினேன்.

இடக்கோடியில் இஃப்ரா வர்சாமே.
பதினான்கு மணி நேர மார்ச் மாதத்தில்
தொழுவதற்கு ஒரு கதவு கேட்டாள்,
சாத்தக்கூடிய கதவு, அவ்வளவுதான்.
காகிதக்கட்டு அடுக்கும் அறையைக் கொடுத்தார்கள்.
அவள் நெற்றி தரையைத் தொடும்போதெல்லாம்
யாராவது ஸ்டேப்ளர் முள் தேடி வந்தார்கள்.
இப்போது மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறாள்.

பக்கத்தில் வெண்டல் பிராஸ்க். காது கேளாதவர்.
கூட்டங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.
"குறிப்புகளை அனுப்பிவிடுகிறோமே" என்றார்கள்.
வியாழக்கிழமை குறிப்பு வந்தது.
வெண்டல் பதில் எழுதினார்:
'திங்களன்று நீங்கள் முடிவு செய்த தொகை தவறு.'
தவறுதான். நாற்பதாயிரம் டாலர்.
நன்றி சொன்னார்கள்.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.

எனக்கு வலப்புறம் டாரில் கிங்பேர்ட்; ஒஜிப்வே இளைஞன்.
உரிமம் வாங்க இன்னும் ஓராண்டு படிக்க வேண்டும்,
கட்டணம் கட்ட வழியில்லை.
அதைவிடப் பெரிய தொகை கோல்ஃப் விருந்துக்குப் போனது;
அந்த ரசீதைச் சரிபார்த்தவள் நான்.
அவன் தன் மக்களின் நிர்வாகத்துக்கே கணக்கெழுதப் போனான்.
அங்கே அவன் லாபம்.

வலக்கோடியில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.
மூன்று தளத்திலும் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.
புகைப்படக்காரர் கூட்டி வந்த மாடலாம்.

எல்லோரையும் வரவு வைத்திருக்கிறோம்.
பற்றுப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது.
ஏடு எப்படிச் சமனாகும்?

சொன்னேன். லிண்ட்க்விஸ்ட் கோபப்படவில்லை.
சட்டைக் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"நீ ஏன் போகவில்லை?"

போகிறவர்களிடம் நிரப்பித் தரச் சொல்லும் படிவத்தில்
பதினெட்டுக் கேள்விகள் உண்டு.
இருக்கிறவர்களைக் கேட்க ஒன்றுகூடக் கிடையாது.
ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

என் முதல் மார்ச்சில் அப்பா இறந்தார்.
ஹ்மோங் வீட்டுச் சாவு நான்கு நாள்.
உயிர் வழி தவறிவிடாதபடி
மூங்கில் குழலும் மேளமும் ஊதி அடித்துக்கொண்டே இருக்கும்.
பயந்துபோய் ஒரே ஒரு நாள் விடுப்புக் கேட்டேன்.
வேலை அட்டவணை போடும் மார்லிஸ்
ஏனென்று கேட்கவில்லை.
"வெறும் ஒரு நாளா?" என்றாள்,
நான்கு கட்டங்களை அழித்தாள்.

திரும்பி வந்தபோது மேசையில்
பூவில்லை, அனுதாப அட்டையில்லை.
டுலூத் கோப்பு முடிந்திருந்தது,
பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய பென்சில் குறிகள்.

பன்மைத்துவக் குழுவின் காபிச் செலவில்கூட
மார்லிஸ் பெயர் கிடையாது.

"அவர் எங்கே உட்காருகிறார்?" என்றார்.
"ஜன்னலோரம். ஜூனில் ஓய்வு பெறுகிறார்."
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

படம் எடுக்கும் தேதி தள்ளிப் போயிருக்கிறது.
சுவரில் அதே ஐந்து பேர், அதே சிரிப்பு.
நேற்று ஒரு கடித நகல் எனக்கு வந்தது:
சைகை மொழிபெயர்ப்பு, ஆண்டு ஒப்பந்தம்.
தொகைக்கான இடம் காலியாக இருந்தது.

பென்சிலை எடுத்தேன்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
மேலே திருப்பி அனுப்பினேன்.